ஓரகத்தி எடுத்த பெட்டி

எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த கம்ப்யூட்டரைப் பற்றி இன்று யார் பேச்செடுத்தாலும் அவர்கள் நினைவில் இருப்பது அதன் நீல விளக்குதான். கறுப்பு நிறக் கேபினெட். ஒரு பக்கத்தில் மட்டும் தகரத்துக்குப் பதிலாக உள்ளே இருப்பதெல்லாம் தெரியும்படியான பிளாஸ்டிக் தகடு. உள்ளே விசிறி சுற்றும்போது நீல வெளிச்சமும் சேர்ந்து சுற்றும். திருப்பூர் வேலம்பாளையத்தில் இருந்த எங்கள் எம்ப்ராய்டரி யூனிட்டுக்கு நூல் கோன் இறக்க வருகிறவர், துணி எடுக்க வருகிற ஏஜென்ட், மின்சாரக் கணக்கு எடுக்க வருகிறவர் என்று எல்லோரும் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார்கள். "பொட்டி நல்லாருக்குதுங்களே, ஆரு செலக்சனுங்க?" என்பார்கள். "பெரியவ எடுத்ததுங்க" என்று என் மாமியார் உச்சி குளிர்ந்து சொல்வார். பெரியவள் என்றால் என் ஓரகத்தி, என் கணவருடைய அண்ணன் மனைவி. நான் அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்து, காதில் எதுவும் விழாதவளைப் போல மவுஸை நகர்த்திக்கொண்டிருப்பேன். உள்ளே வயிறு பற்றி எரியும். அந்தப் பெட்டியைத் தவிர, அதற்குள் இருந்த ஒவ்வொரு சாமானையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவள் நான். நான் எடுத்தது எதற்கும் விளக்கு இல்லை.

கல்யாணத்துக்கு முன் ஈரோட்டில் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்திருந்தேன். புகுந்த வீட்டில் அந்தப் படிப்புக்கு ஒரு வேலையும் இல்லை. தறி ஓட்டிய குடும்பம் அது. மாமனார் தறியை விற்றுவிட்டு, பழைய எம்ப்ராய்டரி மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டு, பனியன் கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக்கொடுத்துக்கொண்டிருந்தார். வரிசையாகப் பல ஊசித் தலைகள் உள்ள பெரிய மெஷின். கம்பெனிக்காரர்கள் கொடுக்கும் படத்தைப் பார்த்து அது தானாகத் தைத்துவிடாது. எந்த இடத்தில் எத்தனை தையல், எந்தப் பக்கமாகச் சாய்ந்த தையல் என்று ஒருவர் கம்ப்யூட்டரில் போட்டுக்கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் பஞ்சிங். அதை நாங்கள் வெளியில் கொடுத்துத்தான் வாங்குவோம். பஞ்சிங்காரர் கூப்பிட்டால் போனை எடுக்க மாட்டார். எடுத்தால் நாளைக்கு என்பார். மெஷின் சும்மா நிற்கும், மாமனார் அதைச் சுற்றிச் சுற்றி நடப்பார். நான் செக்கிங் டேபிளில் நின்று, தைத்து வந்த துணியில் பிசிர் நூலை வெட்டிக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் துணிந்து கேட்டுவிட்டேன். பஞ்சிங்கை நானே கற்றுக்கொள்கிறேன், ஒரு கம்ப்யூட்டர் மட்டும் வாங்கிக் கொடுங்கள் என்று.  சில மாதம் பஞ்சிங் வகுப்புக்குப் போய் வந்தேன். கடைசியில் மாமனார் ஒரு தொகையைச் சொன்னார். அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. "செஞ்சு பாரம்முணி. சரிப்பட்டு வல்லீன்னா பழையபடி வெளியவே குடுத்துக்கலாம். நீ செக்கிங்குக்கு வந்துரு" என்றார். எனக்கு வேண்டியதெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் போடும் அந்த நாற்காலிதான். அந்த வீட்டில் என் பெயர் சொல்ல ஒரு வேலை. அதைப் பிடித்துக்கொள்வதா, மறுபடியும் பிசிர் வெட்டப் போவதா என்பதுதான் கேள்வி.

அதன் பிறகு வந்த நாட்கள் என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த நாட்கள் என்று சொன்னால் என் கணவர் கோபித்துக்கொள்வார். ஆனால் உண்மை அதுதான். கைகள் நூல் வெட்டிக்கொண்டிருக்கும், மனசு கம்ப்யூட்டரைக் கூட்டிக்கொண்டிருக்கும். கம்பெனி பெயர் போட்டு வரும் கம்ப்யூட்டர் எங்கள் தொகைக்குக் குதிரைக்கொம்பு. தனித்தனியாகச் சாமான் வாங்கிக் கடையிலேயே பூட்டச் சொல்லும் அசெம்பிள் கம்ப்யூட்டர்தான் கட்டுப்படியாகும். ப்ராசஸரில் பெயர் பெற்றதை விட்டு மலிவானதை எடுத்தால் மிச்சத்தில் ராம் கூடுதலாகப் போடலாம். பஞ்சிங்குக்குப் பாட்டும் படமும் வேண்டாம், பெரிய டிசைனைத் திறந்தால் திணறாமல் இருக்க ராம்தான் வேண்டும். ஹார்ட் டிஸ்க் சிறியது போதும், டிசைன்கள் இடத்தை அடைக்காது. மானிட்டர் மட்டும் பெரிதாக இருக்க வேண்டும், கண் கெட்டால் பிழைப்பு கெட்டது. எங்கள் மெஷின் ஃப்ளாப்பியைத்தான் படிக்கும் என்பதால் ஃப்ளாப்பி டிரைவ் கட்டாயம். பஞ்சிங் சாஃப்ட்வேருக்குச் சாவி போல ஒரு சின்னக் கட்டை உண்டு. அதைப் பிரிண்டர் ஒயர் மாட்டும் பழைய துளையில் செருகினால்தான் சாஃப்ட்வேர் திறக்கும். அந்தத் துளை இல்லாத மதர்போர்டை வாங்கினால் எல்லாம் வீண். இங்கே குறைத்து, அங்கே ஏற்றி, மறுபடி குறைத்து, கடைசியில் எல்லாம் அந்தத் தொகைக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. கேபினெட் என்பது வெறும் டப்பா. கடையில் இருப்பதிலேயே மட்டமானதைப் போட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

கடைக்குக் கிளம்பும்போது மாமியார், "பெரியவளையும் கூட்டீட்டுப் போ. அவளுக்குத்தான் வெல பேசத் தெரியும்" என்றார். எனக்கு அப்போதே முகம் தொங்கிவிட்டது.

என் ஓரகத்தி அமராவதி அணைப் பக்கத்து ஊர்க்காரர். பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தி, கட்டிக்கொடுத்துவிட்டார்கள். நல்ல உயரம், பெரிய சிரிப்பு. எந்தக் கடையில் ஏறினாலும் முதலில் அவருக்குத்தான் நாற்காலி வரும், அப்புறம் டீ வரும், அப்புறம் கடைக்காரர் வீட்டுக் கதை வரும். மாமியார் எந்த வேலைக்கும் முதலில் கூப்பிடும் பெயர் அவருடையது. மெஷின் ஓட்டிய தென்மாவட்டத்துப் பையன்கள்கூட அவரை அண்ணி முறை வைத்து வாய் நிறைய மதினி என்பார்கள், என்னை மேடம் என்பார்கள். அவர் என்னிடம் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அதுவும் எனக்கு எரிச்சல்தான். ஒரு குறையாவது இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகப் பொருமலாம் அல்லவா?

பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மாடியில் இருந்தது அந்தக் கடை. நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லக் கடைக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஃப்ளாப்பியெல்லாம் இப்ப ஆரும் கேக்கறதில்லீங்களே" என்றார். எதற்கு என்று நான் விளக்கியதும், "செரியாச் சொல்றீங்க" என்று உள்ளே போய்த் தேடி எடுத்து வந்தார். கல்யாணத்துக்குப் பிறகு ஓர் அந்நியர் என் படிப்புக்குக் கொடுத்த முதல் மரியாதை அது. அந்தச் சந்தோஷம் ஒரு டீ குடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை. ஓரகத்தி அலமாரியில் அந்த நீல விளக்குக் கேபினெட்டைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க, இது என்ன வெலைங்க?"

"அக்கா, அது வெறும் டப்பாங்க" என்றேன்.

"நாலு பேரு வந்து போற எடம் கண்ணு. பாத்தா மதிப்பா இருக்க வேண்டாமா?"

அவர் பேரம் பேசத் தொடங்கினார். கடைக்காரரும் இறங்கினார், ஆனால் எங்கள் தொகைக்குள் வரும் அளவுக்கு இறங்கவில்லை. கடைசியில் கடைக்காரர், "ராம்ல ஒண்ணை எடுத்துட்டாச் செரியாப் போயிருமுங்க" என்றார். எனக்குப் பகீரென்றது. ராம்தாங்க முக்கியம், அதை எடுக்காதீங்க என்று ஓரகத்தியின் காதருகே சொன்னேன். "அது உள்ளதானே இருக்குது, ஆரு பாக்கப்போறாங்க? பின்னால வாங்கிப் போட்டுக்கலாம்" என்று என் தோளைத் தட்டினார். அந்நியர் முன்னால் மூத்த மருமகளை எதிர்த்துப் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.  அவர் பேச்சுக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கரும் இலவசமாக வந்தது. எனக்கு ஒரு வேலைக்கும் ஆகாத ஸ்பீக்கர்.

பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேன். ஊரே பெட்டியைப் பார்த்தது. மெஷின் ஓட்டும் பையன் ஒருவன், "மதினி எடுத்த பெட்டில்லா! சும்மா மின்னுதுல்லா" என்று நாள் தவறாமல் சொன்னான். பெரிய டிசைனைத் திறந்தால் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும். சின்ன மணல் கடிகாரம் ஒன்று திரையில் நின்றுகொண்டே இருக்கும், நான் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பேன். மாமனார் எட்டிப் பார்த்து, "என்னம்முணி, கைய வெச்சுட்டுச் சும்மா உக்காந்திருக்க?" என்பார். ராமை எடுத்துவிட்டு அங்கே விளக்கைப் போட்டிருக்கிறார்கள் மாமா என்று நாக்கு நுனி வரை வரும். விழுங்கிக்கொள்வேன்.

நான் முதலில் போட்ட டிசைன் குழந்தைகள் சட்டைக்கு ஒரு கரடிக்குட்டி. மெஷினில் ஓடி முடிந்ததும் மாமனார் அந்தத் துணியை வாசலுக்கு எடுத்துப் போய், வெயிலில் பிடித்து, கரடியின் காதையும் மூக்கையும் விரலால் தடவிப் பார்த்தார். எங்கும் சுருக்கம் விழவில்லை, நூல் அறவில்லை. "பரவால்லியே" என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு. நான் பூரித்துப் போய் நிற்கையில் உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது. "பெரியவ எடுத்த கம்ப்யூட்டரு, ராசியானது!" அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டவர்களுக்குத் தலைவலி என்று சொன்னேன்.

இத்தனைக்கும் ஓரகத்தி அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டதுகூட இல்லை. டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, என் பின்னால் நின்று திரையைப் பார்ப்பார். இதென்ன, அதென்ன என்று கேட்பார். நான் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வேன். அவர் போன பிறகுதான் எனக்கு வேலை ஓடும். அவர் எதற்கு வந்து நிற்கிறார் என்று நான் யோசித்ததே இல்லை. என் இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறார் என்று மட்டும் எப்போதாவது ஒரு பயம் வரும். அதற்காகவே விசைப்பலகைக் குறுக்கு வழிகளை அவர் கண்ணில் படாமல் தட்டுவேன்.

ஆயுத பூஜை வந்தது. திருப்பூரில் அன்றைக்கு மெஷின்களுக்குத்தான் பிறந்தநாள். ஒவ்வொன்றையும் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, கத்தரிக்கோல், ஊசி, நூல் கோன் எல்லாவற்றையும் முருகன் படத்தின் முன் அடுக்குவோம். யூனிட்டில் எங்கும் படியும் பஞ்சை விரட்ட நாங்கள் கம்ப்ரசர் காற்றைத்தான் பயன்படுத்துவோம். துப்பாக்கி போன்ற குழாயை அழுத்தினால் சீறிக்கொண்டு காற்று வரும், மூலை முடுக்கில் உள்ள தூசியெல்லாம் பறந்துவிடும். எனக்கு மாவிலை கட்டும் வேலை. வாசலில் நின்று கட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் ஓரகத்தி கம்ப்யூட்டர் பெட்டியைப் பார்த்திருக்கிறார். மட்டமான தகரப் பெட்டியாக இருந்தால் உள்ளே என்ன படிந்தது என்று யாருக்குத் தெரியும்? இது கண்ணாடி போன்ற தகடு. உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு அப்பியிருந்தது பளிச்சென்று தெரிந்திருக்கிறது. எல்லா மெஷினையும் சுத்தம் செய்து இதை மட்டும் விடலாமா? தகட்டைக் கழற்றி, காற்றுத் துப்பாக்கியை உள்ளே விட்டு, ஆசை தீர அடித்துவிட்டார். கம்ப்ரசர் தொட்டியின் அடியில் தண்ணீர் சேரும், அதைத் தினமும் வடித்துவிட வேண்டும். பூஜை அவசரத்தில் அன்றைக்கு யாரும் வடிக்கவில்லை. காற்றோடு அந்தத் தண்ணீரும் பொடித்துளியாகப் போய் மதர்போர்டின் சந்து பொந்தெல்லாம் உட்கார்ந்துகொண்டது. வெளியே துடைத்துப் பொட்டும் வைத்திருந்தார். பார்க்க மங்களகரமாகத்தான் இருந்தது.

மறுநாள் நான் பட்டனை அழுத்தினேன். பட்டென்று ஒரு சத்தம். பொசுங்கிய வாசம். நீல விளக்கு ஒரு தரம் மினுங்கி அணைந்தது.

கடையிலிருந்து வந்து பார்த்தவர் தண்ணீர் பட்டு மதர்போர்டு பொசுங்கிவிட்டது என்றதும் ஓரகத்தி மறைக்கவில்லை. "நாந்தானுங்க காத்தடிச்சேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னத் திருப்தி. இன்றைக்காவது இவருக்கு ஒரு வசவு விழட்டும் என்று காத்திருந்தேன். மாமனார் அவரைப் பார்த்தார், பெட்டியின் மேல் இருந்த பொட்டைப் பார்த்தார், சிரித்துவிட்டார். "போச்சாது போ, நல்லதுக்குத்தானே செஞ்ச" என்றார். அதே காரியத்தை நான் செய்திருந்தால் அடுத்த ஆயுத பூஜை வரை அந்த வீட்டில் வேறு பேச்சு இருந்திருக்காது. இது என் கற்பனை இல்லை, அந்த வீட்டில் வாழ்ந்தவள் சொல்கிறேன்.

அன்று மதியம் சாப்பாட்டின்போது மாமனார் முடிவைச் சொன்னார். "இனி அதுக்கு ஒரு செலவு வேண்டாம். பஞ்சிங்க வெளியவே குடுத்தறலாம். சின்னவ செக்கிங்குக்கு வந்துட்டா ஒரு ஆளு மிச்சம்." நான் கையில் ரசக் கரண்டியோடு நின்றேன். சொல்வதற்கு ஆயிரம் இருந்தது. அடுத்த தட்டுக்கு ரசம் ஊற்றினேன். என் கணவர் தட்டை விட்டுத் தலையை எடுக்கவில்லை. ஓரகத்திதான் பேசினார்.

"மாமா, கெடுத்தது நானு. தண்டனை அவளுக்குங்களா? அவ போட்ட டிசைனு ஒண்ணாச்சு கம்பெனியிலிருந்து திரும்பி வந்துச்சுங்களா, சொல்லுங்க. அது அவ உக்கார்ற எடமுங்க. போர்டு ஒண்ணு வாங்கிப் போட்டுருங்க."

மாமனார் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "செரி, உன்ற இஷ்டம்" என்றார். அவ்வளவுதான். இடுப்பு ஒடிய உட்கார்ந்து நான் சம்பாதித்த நாற்காலி, பறிபோய்த் திரும்பி வந்துவிட்டது, அவருடைய நாலு வார்த்தையில். எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வந்ததும் உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் முந்திக்கொண்டு வந்தது பொறாமை. என் டிசைன் ஒன்றுகூடத் திரும்பி வராததை நானே பெருமையாக வெளியில் சொன்னதில்லை. அவர் அதைக் கவனித்து வைத்திருந்தார். என் வழக்கைக்கூட என்னைவிட நன்றாக வாதாடத் தெரிந்திருந்தது அவருக்கு.

மறுபடியும் இருவரும் அதே கடைக்குப் போனோம். இந்தத் தரம் அவர், "அவ கேக்கறதக் குடுங்க. நான் வாயத் தொறக்கலீங்க" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார். அந்தப் பிரிண்டர் துளை உள்ள போர்டு வரத்தே நின்றுவிட்டதாம். கடைக்காரர் குடைந்து தேடி ஒன்றை எடுத்தார். அதற்குப் பழைய ராம் பொருந்தாது, புதிதாகத்தான் போட வேண்டும், ஒன்றா இரண்டா என்று கேட்டார். நான் தயங்கினேன். "ரெண்டுமே போட்டுருங்க" என்றார் ஓரகத்தி, வாயைத் திறக்காதவர்.

வேலம்பாளையம் போகும் டவுன் பஸ்ஸில் கம்பெனிப் பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் யூனிட்டில் முன்பு வேலை பார்த்த பெண் ஒருத்தி ஓரகத்தியைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுத்தாள். வழக்கம்போல அவருக்குத்தான். அவர் என்னைப் பிடித்து அதில் அழுத்தினார். "போர்ட வெச்சுட்டு நிக்காத, ஆராச்சும் இடிச்சுப் போடுவாங்க. உக்காரு." நான் போர்டு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைக் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே சிரித்தார்.

"என்னங்க்கா?"

"ஒண்ணுமில்ல. உன்னப் பாத்தா எனக்கு எப்பவுமே பொறாமைதான் கண்ணு."

நான் திகைத்துப் போய், "என்னயப் பாத்துங்களா?" என்றேன்.

"பின்ன? எந்திரிச்சதுலிருந்து படுக்கற வரைக்கும் எனக்கு நின்னுட்டே செய்யற வேலை. அடுப்புல நிக்கோணும், செக்கிங்ல நிக்கோணும், வர்றவங்க போறவங்களுக்கு நிக்கோணும். நீ உக்காந்து செய்யற. உனக்குன்னு ஒரு வேலை, உனக்குன்னு ஒரு நாக்காலி. உள்ளார இருக்கறது எதும் நமக்குத் தெரியாது, வெளிய இருக்கறதாச்சும் என்னுதா இருக்கட்டும்னுதான் அன்னைக்கு அந்தப் பொட்டிக்கு அடம்புடிச்சேன். உனக்கு ராம் போச்சு, பாவம்."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. நான் போர்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

இப்போது சொத்துப் பாகம் பிரித்தாகிவிட்டது. ஓரகத்தி உடுமலைப்பேட்டையில் மகளோடு இருக்கிறார். நான் சொந்தமாகப் பஞ்சிங் சென்டர் நடத்துகிறேன். பெண்பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். கம்ப்யூட்டருக்கு என்ன சாமான் போடுவது என்று முடிவு செய்ய எனக்கு யாரும் துணைக்கு வர வேண்டியதில்லை. தொழிலில் என் பெயர் சொன்னால் தெரியும். அவரிடம் இல்லாதது பலவும் இன்று என்னிடம் இருக்கிறது. ஆனாலும் அந்த பஸ் பயணத்தை நினைத்தால் மனசு அடங்க மாட்டேன் என்கிறது. ஒரு மனுஷி மேல் அத்தனை காலம் பொறாமையைப் பொத்தி வைத்துப் புழுங்கியவள் நான். அதில் ஒரு சொல்கூட என் வாயிலிருந்து வந்ததில்லை. எனக்கும் உங்களைப் பார்த்தால் அப்படித்தானுங்க அக்கா என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. அவரோ நிற்க இடமில்லாத பஸ்ஸில், நாலு பேர் காதில் விழும்படி, சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் என் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிப் போனார். பொறாமைகூட என்னைவிட அவர்தான் நன்றாகப் பட்டார்.